பேனாவில் எழுதிய சீட்டு

நம்பரக்காவுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் விடுமுறை. அந்த ஒரு நாளையும் சம்பந்தியம்மாவுக்குத் தாரைவார்த்துவிட்டு, காலை ஒன்பது மணிக்குக் குகைக்குப் போகும் சாலை முனையில் கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றாள். ஆறு நாளும் பேருந்து அவளை உதிர்த்துவிட்டுப் போகும் இடம் அது. ஆறு நாள் பார்த்து அலுத்த மலையை ஏழாம் நாளும் பார்க்க வைத்த மகளை மனதுக்குள் நன்றாகத் திட்டினாள். திட்டி முடித்ததும் பாவமாக இருந்தது.

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அருங்காட்சியகத்தின் வருகைப் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. மற்றபடி வாசல் காவலர் முதல் காப்பாட்சியர் வரை எல்லாருக்கும் அவள் நம்பரக்காதான். குகையில் தோண்டி எடுக்கிற ஒவ்வொரு எலும்புக்கும், ஓட்டுக்கும், கல் கருவிக்கும் எண் எழுதுவது அவள் வேலை. முதலில் நகத்தின் அகலத்துக்கு வார்னிஷ் பூச வேண்டும். காய்ந்ததும் அதன்மேல் ஊசிமுனைப் பேனாவால் கறுப்பு மையில் எண். அதற்கும் மேலே இன்னொரு பூச்சு வார்னிஷ். பிற்பாடு எண் தப்பென்று தெரிந்தால், நகப்பூச்சு அழிக்கிற மருந்தைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் போதும், எலும்பில் ஒரு சுவடும் இருக்காது. எழுதும்போதே அழிப்பதற்கும் வழி வைத்து எழுதுகிற வேலை உலகத்தில் வேறு உண்டா என்று தெரியவில்லை. இருபத்தேழு வருஷம் இதைச் செய்ததில் அவளுக்கு மிச்சம் இரண்டு மூக்குக்கண்ணாடியும் ஒரு கழுத்து வலியும்.

மகள் வியாழக்கிழமை போன் செய்திருந்தாள்.

"அம்மா, ஒரே ஒரு உதவி. திங்கக்கிழமை அந்த அதிகாரி வீட்டுக்கு வராங்க. வீட்ல இருக்கிறவங்க எல்லார்கிட்டயும் தனித்தனியா கேப்பாங்களாம். அத்தை மட்டும் வேண்டாம்னு சொல்லிட்டா அவ்வளவுதான். பாப்பா நமக்கு இல்ல."

பாப்பா என்பது பெற்றவர் யாரென்று தெரியாமல் காப்பகத்தில் வளரும் பதினாலு மாதப் பெண் குழந்தை. கல்யாணமாகி ஏழு வருஷம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து ஓய்ந்தபிறகு, மகளும் மருமகனும் தத்தெடுப்பது என்று முடிவு செய்திருந்தார்கள். ஐந்து தடவை போய்ப் பார்த்தாயிற்று. ஐந்தாம் தடவை அது மருமகனின் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்துத் தரையில் எறிந்துவிட்டுச் சிரித்ததாம். அன்றிலிருந்து அந்த மனுஷன் கீறல் விழுந்த கண்ணாடியையே போட்டுக்கொண்டு திரிகிறார். மாற்றச் சொன்னால் மாற்ற மாட்டேன் என்கிறார்.

"அவங்க ஏன் வேண்டாங்கிறாங்க?"

"சொன்னாத்தானே? 'எனக்குச் சரியாப் படல'ன்னு ஒரே வார்த்தை. வேற என்ன இருக்கப்போகுது, நம்ம ரத்தம் இல்லன்னுதான். அதனால நீ ஞாயித்துக்கிழமை அவங்களைக் கூட்டிட்டுப் போய் உங்க மியூசியத்துல குகைப் பொம்பளையோட எலும்பு இருக்கிற அந்தக் கண்ணாடிப் பெட்டியைக் காட்டு. பேப்பர்ல போட்டிருந்தாங்களே, அந்தக் குழந்தை அவ பெத்ததே இல்லன்னு. பெக்கலைன்னாலும் கையில அணைச்சிட்டுத்தானே படுத்திருக்கா? இதுக்கு மேல நான் என்ன வாயால சொல்லிப் புரியவைக்கிறது?"

நம்பரக்கா "சரி" என்றாள். அந்த "சரி"க்குப் பிறகு மூன்று இரவாகத் தூக்கம் இல்லை. அதற்கு முன்னாலும் பெரிதாகத் தூங்கிவிடவில்லை. அந்த எலும்புகளின் மரபணுச் சோதனை முடிவு வந்து, பேப்பரில் படம் வந்து, காப்பாட்சியர் எல்லாருக்கும் கை கொடுத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஒரு மாதமாகவே அவள் கூரையைப் பார்த்துக்கொண்டுதான் படுத்திருந்தாள்.

சம்பந்தியம்மா ஒன்பதேகாலுக்குப் பேருந்திலிருந்து குடையோடு இறங்கினார். உயரமான பெண்மணி. நாற்பது வருஷம் தபால் நிலையத்தில் ஊர்வாரியாகக் கடிதம் பிரித்து ஓய்வு பெற்றவர். கடிதம் பிரிப்பவர்கள் பேச மாட்டார்கள் போலிருக்கிறது. ஏழு வருஷச் சம்பந்தத்தில் இரண்டு பேரும் பேசியதை எல்லாம் கூட்டினால் ஒரு பக்கம் தேறாது. அதிலும் பாதி முழங்கால் வலியைப் பற்றி.

"வாங்க சம்பந்தி. பஸ்ல உக்கார இடம் கிடைச்சுதா?"

"கிடைச்சுது. ஏறணுமா நிறைய?"

"நூத்திப் பன்னெண்டு படி."

சம்பந்தியம்மா மலையை நிமிர்ந்து பார்த்தார். குடையை மடக்கி ஊன்றிக்கொண்டு முதல் படியில் கால் வைத்தார். நாற்பதாவது படியில் உட்கார்ந்தார்கள். எழுபதாவது படியில் மறுபடி உட்கார்ந்தார்கள். தொண்ணூறாவது படியில், "ஆதிமனுஷனுக்கு வேற இடமே கிடைக்கலையா?" என்று சம்பந்தியம்மா கேட்டார். நம்பரக்கா சிரித்துவிட்டாள். இருபத்தேழு வருஷமாக அவளும் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விதான் அது.

குகை வாசலில் வழிகாட்டி நின்றிருந்தான். அவனுக்கு அங்கே 'இருபது நிமிஷம்' என்று பெயர். ஒரு தடவைக்குப் பன்னிரண்டு பேர், இருபதே நிமிஷம். அதற்கு மேல் ஆள் இருந்தால் விடுகிற மூச்சில் சுவர் வியர்த்து ஓவியங்கள் உதிர்ந்துபோகும். இதை அவன் ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்லிச் சொல்லி, வீட்டில் பெண்டாட்டி திட்டினால்கூட இருபது நிமிஷம்தான் கேட்பான் என்று கேலி பேசுவார்கள்.

"என்ன நம்பரக்கா, லீவ்லயுமா?"

"என்ன பண்றது. சம்பந்தி வந்திருக்காங்க."

உள்ளே குளிர்ந்தது. இரும்புப் பாலம்போல ஒரு நடைபாதை, இரண்டு பக்கமும் கைப்பிடி, காலடியில் மங்கலான விளக்குகள். வழிகாட்டி சுவரில் மாட்டைக் காட்டினான், மானைக் காட்டினான், மாடா மானா என்று யாருக்கும் தெரியாத ஒன்றையும் காட்டினான். கூட வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். நம்பரக்காவுக்குக் கால் வலித்தது. சம்பந்தியம்மா மாட்டையும் மானையும் விட்டுவிட்டு, மூலையில் தோண்டுகிறவர்கள் வைத்திருந்த தட்டுகளையும் பைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பைக்குள்ள சீட்டு இருக்கே, அது என்ன?"

"விலாசம்தான்மா" என்றான் வழிகாட்டி. "எந்தக் குழி, எவ்வளவு ஆழம், என்னிக்கு எடுத்தது, எல்லாம் அதுலதான். உள்ள ஒரு சீட்டு, வெளிய ஒரு சீட்டு. ஒண்ணு தொலைஞ்சாலும் இன்னொண்ணு இருக்கும். விலாசம் போச்சுன்னா எலும்பு வெறும் எலும்புதான். அக்காவுக்குத் தெரியாததா?"

"மழை வந்து நனைஞ்சா?"

"நனையட்டும். பென்சில்லதான் எழுதணும்னு சட்டம். பென்சில் தண்ணில போகாது."

"யாராவது பேனால எழுதிட்டா?"

"எழுதினா நம்பரக்கா அவங்களைத் தொலைச்சுக் கட்டிடுவாங்க" என்று சொல்லிவிட்டு வழிகாட்டி சிரித்தான். கூட வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நம்பரக்கா மட்டும் முன்னால் நடந்தாள்.

அடுத்த வளைவில் பதினேழாம் குழி. முழங்கால் ஆழம், சுற்றிக் கம்பி. "இங்கதான் அந்தம்மா படுத்திருந்தாங்க, குழந்தையைக் கையில வெச்சுக்கிட்டு" என்றான் வழிகாட்டி. அங்கிருந்து பத்தடி தள்ளி, பாறை இடுக்கில், பழைய அடுப்பின் சாம்பல் கறுப்பாகப் படிந்திருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. நம்பரக்கா அதை மட்டும்தான் பார்த்தாள்.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், அவள் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. குகையின் பின்புறத் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. அகழாய்வை நடத்திய பெரியவர் காய்ச்சலோடு குழியிலும் அடுப்பு இடுக்கிலும் இறங்கி, கைக்கு எட்டியதை மண்ணோடு சேர்த்து வாரித் தட்டுகளில் கொடுத்தார். விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. வாங்கி வாங்கி வைத்தவள் இவள். மத்தியானம்தான் பென்சிலின் கூர் முறிந்திருந்தது. சீவக் கத்தி கிடைக்கவில்லை, நேரமும் இல்லை. பையில் ஒரு மைப்பேனா கிடந்தது. பெண்ணின் கையருகே எடுத்த தட்டுக்கும், அடுப்பருகே எடுத்த தட்டுக்கும் அந்தப் பேனாவால் சீட்டு எழுதிப் போட்டாள். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. சட்டப்படிதான், பேனா ஒன்றைத் தவிர.

மறுநாள் கொட்டகையில் தட்டுகளைப் பிரித்தபோது நான்கு சீட்டும் நீலத் தண்ணீராக இருந்தன. மண்ணைக் கழுவிப் பார்த்தால், ஒரு தட்டில் கைக்குழந்தை ஒன்றின் எலும்புகள், சுண்டுவிரல் நீளத்தில். இன்னொரு தட்டில் முயல். எது எங்கே எடுத்தது? குழியில் அதற்குள் சேறு நிரம்பிவிட்டது. படம் எடுப்பவர் அன்றைக்குத்தான் வருவதாக இருந்தது. பெரியவரின் குறிப்பேட்டில் 'பெண்ணின் கையருகே சிறு எலும்புகள்' என்று ஒரே வரி. அவர் கட்டிலில் காய்ச்சல் நூற்றி மூன்றில் கிடந்தபடி, "அந்தப் பெண்ணோட இருந்தது எதும்மா?" என்று கேட்டார். நம்பரக்காவின் மகளுக்கு அப்போது ஐந்து வயது. பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. ஒரு பெண்ணின் கையருகே குழந்தை இருக்குமா, முயல் இருக்குமா? அவள் அதிகம் யோசிக்கவில்லை. குழந்தையைக் காட்டினாள்.

பெரியவர் அதை நம்பியபடியே ஐந்து வருஷம் கழித்துச் செத்துப்போனார். காட்சிக்கு வைக்கும்போது பெண்ணின் வளைந்த கைக்குள் குழந்தையைப் பாந்தமாகப் பொருத்தினார்கள். 'தாயும் சேயும்' என்று பலகை வைத்தார்கள். அஞ்சலட்டையில் போட்டார்கள். அதன்முன் நின்று எத்தனை பேர் கண்ணைத் துடைத்திருப்பார்கள் என்று கணக்கே இல்லை. இப்போது சோதனையில் தாயும் இல்லை சேயும் இல்லை என்று வந்ததும், அது இன்னும் பெரிய கதையாகிவிட்டது. உண்மையான காரணம் பத்தடி தள்ளி அந்தச் சாம்பலில் இருக்கலாம் என்று தோன்றியது ஒரே ஒருத்திக்குத்தான்.

"இப்ப ஒரு நிமிஷம் விளக்கை அணைக்கப்போறேன். யாரும் நகராதீங்க" என்றான் வழிகாட்டி. அணைத்தான். கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றாக இருந்தது. எங்கோ தண்ணீர் சொட்டியது. சம்பந்தியம்மாவின் கை தேடி வந்து நம்பரக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. விளக்கு வந்தபிறகும் கொஞ்ச நேரம் விடவில்லை.

மலையிறங்கி, காபி குடித்து, அருங்காட்சியகத்துக்குள் நுழையும்போது பன்னிரண்டு மணி. சம்பந்தியம்மா ஒவ்வொரு பெட்டி முன்னாலும் நின்றார். கல் கோடரி, எலும்பு ஊசி, சிப்பி மணி. பொருளைப் பார்ப்பதைவிட அதன் மேலிருந்த எண்ணைக் குனிந்து பார்த்தார்.

"இதெல்லாம் நீங்க எழுதினதா?"

"ஆமா."

"எறும்பு சைஸ்ல இருக்கு. ஆனா ஒண்ணுகூட கலங்கல" என்றார். ஏழு வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு அது. அதை வாங்கி வைத்துக்கொள்ள நம்பரக்காவுக்குக் கூசியது.

கடைசி அறையில் கூட்டம். முன்னால் நின்ற ஒருத்தி தன் புருஷனிடம், "பாத்தியா, யாரோ பெத்த பிள்ளை" என்று சொல்லி மூக்கை உறிஞ்சினாள். அவர்கள் நகர்ந்ததும் சம்பந்தியம்மா கண்ணாடிப் பெட்டியை ஒட்டி நின்றார். பக்கவாட்டில் படுத்த பெண்ணின் எலும்புகள். வளைந்த முழங்கைக்குள் அந்தச் சின்னக் குவியல். புதுப் பலகை பளபளத்தது: 'இவள் இக்குழந்தையைப் பெற்றவள் அல்ல. ஆயினும் அணைத்தபடியே அடக்கம் செய்யப்பட்டாள்.' சம்பந்தியம்மா அதை ஒரு தடவை படித்தார். இரண்டாம் தடவையும், உறையின் மேலுள்ள விலாசத்தைப் படிப்பதுபோல, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். பிறகு திரும்பினார்.

"இது நிஜமா, சம்பந்தி?"

ஒரே ஒரு "ஆமா" போதும். பலகையே சொல்கிறது, பேப்பரே சொல்கிறது, இவள் புதிதாக எதையும் சொல்ல வேண்டியதில்லை. அந்த "ஆமா" நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மகளின் முகம் வந்தது, மருமகனின் கீறல் விழுந்த கண்ணாடி வந்தது. இருபத்தாறு வருஷம் சொல்லாத ஒன்றை இன்னும் ஒரு நாள் சொல்லாமல் இருந்தால் யார் குடி முழுகிவிடும்?

"தெரியாது" என்றாள்.

சொன்னபிறகு நிறுத்த முடியவில்லை. பெட்டிக்கு முன்னாலேயே, போகிறவர்களும் வருகிறவர்களும் இடித்துக்கொண்டிருக்க, தாழ்ந்த குரலில் மழையைச் சொன்னாள், பேனாவைச் சொன்னாள், முயலைச் சொன்னாள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. இருபத்தாறு வருஷமாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல் சொல்லிப் பார்த்தால் ஐந்து நிமிஷத்துக்குக்கூடத் தேறவில்லையே என்று அவளுக்கு ஒரு மாதிரி இருந்தது. மகளின் காரியத்தைத் தன் வாயாலேயே கெடுத்துவிட்டோம் என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது.

"வெளில போலாம். உக்காரணும்" என்றார் சம்பந்தியம்மா.

அருங்காட்சியகத்தின் பின்புறம் நிழலில் ஒரு பெஞ்சு. அதில் உட்கார்ந்து இரண்டு பேரும் செருப்பைக் கழற்றிக் காலை நீட்டிக்கொண்டார்கள்.

"இதைக் காட்டத்தானே உங்க பொண்ணு உங்களை அனுப்பினா?"

"ஆமா."

"அப்புறம் ஏன் இப்படிச் சொன்னீங்க?"

நம்பரக்கா பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். "அலுத்துப்போச்சு, சம்பந்தி" என்றாள். "அதுக்கப்புறம் பொய்கூடச் சொல்லல நான், சும்மாத்தான் இருந்தேன். சும்மா இருந்தே அலுத்துப்போச்சு."

சம்பந்தியம்மா குடையின் நுனியால் மண்ணில் கோடு கிழித்தார். "எங்க ஆபீஸ்ல விலாசம் அழிஞ்ச கடிதத்துக்குன்னு தனியா ஒரு பிரிவு இருந்துது. பத்து வருஷம் அதுலதான் இருந்தேன். மழைல நனைஞ்சது, எலி கடிச்சது எல்லாம் வரும். இவருக்கா இருக்கும்னு தோணும். தோணுதேன்னு கொண்டுபோய்ப் போடக் கூடாது. 'விலாசம் தெரியவில்லை'ன்னு முத்திரை குத்தி எடுத்து வெக்கணும். கஷ்டமாத்தான் இருக்கும்."

"எனக்கு அந்த முத்திரை தோணாமப் போச்சு."

"எனக்குப் பத்தொன்பது வயசுல வேலை கிடைச்சுது" என்றார் சம்பந்தியம்மா, வேறு கதை சொல்வதுபோல. "பிறப்புச் சான்றிதழ் கேட்டாங்க. வாங்கிப் பாத்தா அம்மா பேர் இருக்கிற இடத்துல வேற பேர். நான் அம்மான்னு கூப்பிட்டவங்க என் அம்மா இல்ல. வீட்ல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. பக்கத்து வீட்டுக்குத் தெரியும், பால்காரருக்குத் தெரியும். எனக்கு மட்டும் சொல்லல. கேட்டா, உன் நல்லதுக்குத்தான்னாங்க."

நம்பரக்கா நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டாள்.

"வளத்ததுல ஒரு குறை சொல்ல முடியாது. தங்கமா வளத்தாங்க. ஆனா அதுக்கப்புறம் அவங்க 'சாப்பிட்டியா'ன்னு கேட்டாக்கூட, இதுவாவது நிஜமான்னு ஒரு நிமிஷம் நிப்பேன். அவங்க போற வரைக்கும் நின்னேன். அந்த ஒரு நிமிஷத்தை என்னால தாண்டவே முடியல." குடையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "போன மாசம் உங்க பொண்ணும் என் பையனும் சமையலறைல பேசிட்டிருந்தாங்க. பாப்பாகிட்ட எதையும் சொல்ல வேண்டாம், வேற ஊருக்கு மாறிட்டா யாருக்கும் தெரியாதுன்னு. எனக்குக் கேட்டுச்சு."

"அதுக்காகவா வேண்டாம்னீங்க? ரத்தம் கித்தம்னு எதுவும் இல்லையா?"

"சான்றிதழ்ல இருந்த அந்தப் பேரைத் தவிர, என் ரத்தம் யாரோடதுன்னு எனக்குத் தெரியாது. நான் போய் அதைப் பேசுவேனா?"

"இதை அவங்ககிட்டயே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா என் கதையைச் சொல்லணுமே. என் பையனுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது." சொல்லிவிட்டு சம்பந்தியம்மா, தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று கேட்டவர்போலச் சிரித்தார். அது சந்தோஷச் சிரிப்பு இல்லை. நம்பரக்காவுக்கும் சிரிப்பு வந்தது. இரண்டு கிழவிகளும் வலிக்கிற காலை நீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பேருந்து ஏறும்போது நம்பரக்கா கேட்டாள், "நாளைக்கு என்ன சொல்வீங்க?"

"தெரியாது" என்றார் சம்பந்தியம்மா. அவர் கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரியவில்லை என்று முகத்திலேயே இருந்தது.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, மகளின் வீட்டில் அதிகாரி உட்கார்ந்திருக்கும் அதே நேரத்தில், நம்பரக்கா காப்பாட்சியரின் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். காப்பாட்சியர் நல்ல மனுஷர். எதிர்த்துப் பேசாமல் முழுக்கக் கேட்டார். பிறகு இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார்.

"அக்கா, இதை ஒரு மாசம் முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதா?"

"இருபத்தாறு வருஷம் முன்னாடியே சொல்லியிருக்கணும், சார்."

அவருக்குத் திட்டக்கூடத் தெம்பில்லை. விளக்கக் கடிதம் எழுதித் தரச் சொன்னார். குழு கூடி முடிவு செய்யும்வரை அவள் எதன் மேலும் எண் எழுதக் கூடாது என்றார். கடைசி வேலையாக இரண்டு தட்டின் எண்களையும் அவளையே அழித்துவிடச் சொன்னார்.

கடைசி அறையை மூடிப் பெட்டியைத் திறந்தார்கள். பெண்ணின் கைக்குள்ளிருந்து அந்தச் சின்ன எலும்புகளை நம்பரக்கா ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சுத் தட்டில் வைத்தாள். பின்னறைக் கிட்டங்கி அலமாரியில் இருபத்தாறு வருஷமாகக் கேட்பாரற்றுக் கிடந்த முயலையும் இறக்கினாள். மருந்தில் பஞ்சைத் தொட்டு எண்ணின் மேல் வைத்தாள். அவளே எழுதிய எண். ஒரு இழுப்பில் கறுப்பாகக் கரைந்து வந்தது, எலும்பில் ஒரு சுவடும் இல்லை. இத்தனை சுலபமாக அழியும் என்று தெரிந்துதான் எழுதினாள், இருந்தாலும் கண் கலங்கியது. எலும்பின் மேல் சொட்டிவிடக் கூடாதே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு வேளை அந்தக் குழந்தை அந்தப் பெண்ணின் கையிலேயே வைக்கப்பட்டதாகவும் இருக்கலாம். ஒரு வேளை அந்தப் பெண் முயலைத்தான் வளர்த்தாளோ என்னவோ. இனி யாராலும் சொல்ல முடியாது. அதுதான் அவள் செய்த தப்பு.

மூன்று மணிக்குப் போன் அடித்தது. மகள் என்று நினைத்து எடுத்தாள். சம்பந்தியம்மா. ஏழு வருஷத்தில் அவர் தானாகப் போன் செய்வது இதுதான் முதல் தடவை.

"நேத்து வீட்டுக்குப் போனதும் பையன்கிட்ட சொன்னேன்" என்றார். "என் கதையை. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே கேட்டான். அப்புறம் பசிக்குதுன்னான்."

"அதிகாரி?"

"வந்துட்டுப் போயாச்சு. சரின்னு சொல்லிட்டேன்."

நம்பரக்கா பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்தாள்.

"ஆனா ஒரு நிபந்தனை போட்டிருக்கேன். உங்க பொண்ணு ஒத்துக்கிட்டா. பாப்பா வர அன்னிக்கு எல்லா விவரத்தையும் எழுதி வெச்சிரணும். எங்கேருந்து வந்தா, என்னிக்கு வந்தா, யார் கூட்டிட்டு வந்தாங்க, எது தெரியும், எது தெரியாது. ரெண்டு சீட்டு. ஒண்ணு வீட்டு அலமாரில. இன்னொண்ணு அவளுக்கே. படிக்கத் தெரிஞ்ச அன்னிக்கு அவ கைல குடுக்கணும். நீங்கதான் எழுதணும்."

"எனக்கு இன்னிலேர்ந்து எழுத அனுமதி இல்ல, சம்பந்தி."

"அது எலும்புக்கு" என்றார் சம்பந்தியம்மா. "பென்சில்லதானே எழுதுவீங்க?" என்று கேட்டார்.

போனை வைத்துவிட்டு நம்பரக்கா மேஜை இழுப்பறையைத் துழாவினாள். அடியில் ஒரு பென்சில் கிடந்தது. இரண்டு கெட்டித் தாளை அளவாகக் கத்தரித்து முன்னால் வைத்தாள். குழந்தையின் பெயர், பிறந்த தேதி, காப்பகத்தின் பெயர் எல்லாம் மகளிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும். கேட்காமலே தெரிந்த வரி ஒன்று இருந்தது. 'பெற்றவர்' என்று எழுதி, பக்கத்தில் புள்ளி வைத்தாள். அழுத்தியதில் கூர் முறிந்துவிட்டது.

எழுந்துபோய்க் கத்தியைத் தேடி எடுத்து வந்தாள். நிதானமாகச் சீவினாள். பிறகு இரண்டு சீட்டிலும், ஒரே அளவான சின்ன எழுத்தில், 'தெரியவில்லை' என்று எழுதினாள்.